மெல்ல எழும் இசை: காருகுறிச்சி முதல் போஸ்ட் ராக் வரை

அம்பாசமுத்திரத்தில் திருநெல்வேலி ரயில் ஏறினால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டி வருவது காருகுறிச்சி. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். ஆனால் தாமிரபரணிக் கரைக்கு வெளியே இந்தப் பெயரைச் சொன்னால் யாரும் பானையை நினைப்பதில்லை; ஒரு நாகஸ்வரக்காரரைத்தான் நினைக்கிறார்கள். காருகுறிச்சி அருணாசலம் 1921இல் பிறந்து 1964இல் மறைந்தார். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் அவருடைய நாகஸ்வரமும் மாறி மாறி வரும் ‘சிங்கார வேலனே’ பாட்டு, ஆபேரி என்ற பெயரையே கேள்விப்படாதவர்களுக்கும் மனப்பாடம். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்த அந்தப் பாட்டு அறுபது வருஷமாகக் கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் ஓய்ந்தபாடில்லை.

அருணாசலத்தின் வாசிப்பில் அது ஒரு ஓரம்தான். நேரில் கேட்ட தலைமுறை மாய்ந்து மாய்ந்து பேசியது அவருடைய ராக ஆலாபனையைப் பற்றி. சொல் இல்லை, தாளக்கட்டு இல்லை, பல்லவி எப்போது வரும் என்ற அவசரமும் இல்லை. ஒரு ராகத்தின் கீழ்ச் சுரங்களில் நின்று நிதானித்து, மெல்ல மேலேறி, உச்சத்தில் தங்கி, மறுபடி இறங்கும் நீண்ட பயணம் அது. அந்தப் பதிவுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. கேட்பவர் மிகக் குறைவு.

பாட்டு எப்படிப் பரவியது, ஆலாபனை ஏன் பரவவில்லை? பாட்டு தன் காலிலேயே நடந்து போய்விடும். ஆலாபனையை ஒருவர் இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதே சிக்கலில் மாட்டிக்கொண்ட இன்னொரு இசை வகை உலகில் இருக்கிறது. அதற்கு போஸ்ட் ராக் என்று பெயர். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்கும் இளைஞர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களிடம் “என்னடே, அதுல அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவார்கள். அந்தத் திணறலுக்குக் காரணம் அவர்களுடைய வாயில் இல்லை, அந்த இசையின் அமைப்பிலேயே இருக்கிறது.

போஸ்ட் ராக் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். 1994இல் பார்க் சைக்கோசிஸ் குழுவின் ‘ஹெக்ஸ்’ இசைத்தட்டைப் பற்றி எழுதும்போது அதைப் பயன்படுத்தினார். கிதார், பேஸ், டிரம்ஸ் என்று ராக் இசைக்கான அதே கருவிகள். ஆனால் அவற்றால் பாட்டுக்கு மெட்டுக் கட்டாமல் ஒலியின் நிறத்தையும் அடர்த்தியையும் செதுக்குவது என்பது அவருடைய வரையறையின் சாரம். இசை அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. தரவரிசையில் இடம்பிடித்த பாடல்களைப் பாடிக்கொண்டிருந்த டாக் டாக் குழு 1988இல் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ என்ற தொகுப்பை வெளியிட்டபோது, இதை எப்படி விற்பது என்று இசைத்தட்டுக் கம்பெனிக்கே புரியவில்லை. பிறகு ஸ்காட்லாந்தில் மோக்வாய், ஐஸ்லாந்தில் சிகுர் ரோஸ், கனடாவில் காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர், அமெரிக்காவின் டெக்சஸில் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை என்று குழுக்கள் கிளம்பின. காட்ஸ்பீட் குழு 2000இல் வெளியிட்ட ‘லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ்’ ஒன்றே கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. அதில் இருப்பவை நான்கே உருப்படிகள். சிகுர் ரோஸ் 2002இல் வெளியிட்ட தொகுப்புக்குப் பெயரே கிடையாது, அட்டையில் ஒரு ஜோடி அடைப்புக்குறி மட்டும். பாடகர் அதில் பாடுவது எந்த மொழியும் அல்ல, பொருளற்ற அசைகள். ஆலாபனையில் ததரின என்று அசைகளை வைத்துக்கொண்டே அரை மணி நேரம் கேட்டுப் பழகிய நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் “எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது” என்று மார்தட்டும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. ஆனால் ஒரு நூல் உண்மையாகவே இருக்கிறது, அதைப் பிடித்துப் பார்க்கலாம்.

1955இல் சரோத் கலைஞர் அலி அக்பர் கான் நியூயார்க்கில் வாசித்தார். அதையொட்டி வெளிவந்த நீண்ட நேர இசைத்தட்டில் காலை ராகம் ஒன்று, மாலை ராகம் ஒன்று. தட்டின் தொடக்கத்தில் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் தம் குரலில் பேசுகிறார். இது எப்படிப்பட்ட இசை, பின்னால் ஒலிக்கும் தம்பூரா என்ன செய்கிறது என்று அமெரிக்கக் காதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மேற்கில் இந்திய ராகம் ஏறிய முதல் நீண்ட நேரத் தட்டு ஒரு சிபாரிசோடுதான் போயிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதைக் கேட்டு மயங்கியவர்களில் ஒருவர் லா மான்ட் யங். பின்னாளில், ஒரே சுரத்தை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் இசையை அவர் உருவாக்கினார். 1970இலிருந்து கிரானா பாணிப் பாடகர் பண்டித பிரான்நாத்தைக் குருவாகவே ஏற்றார். யங்கின் குழுவில் வாசித்த ஜான் கேல் அந்த நீள்சுரத்தை வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது கிதார்க்காரர்களின் பொதுச்சொத்து. போஸ்ட் ராக்கில் கீழே விடாமல் முழங்கும் ரீங்காரத்துக்குப் பல வேர்கள் உண்டு. அவற்றில் ஒன்று தம்பூரா.

நாகஸ்வரத்தில் தம்பூராவின் வேலையைச் செய்தது ஒத்து. பார்க்க நாகஸ்வரம் போலவே இருக்கும்; சுரம் வாசிக்கத் துளைகள் கிடையாது. ஒத்து ஊதுகிறவர் கச்சேரி முழுக்க மூச்சை விடாமல் சுழற்றி ஒரே சுருதியை நிறுத்த வேண்டும். பெயரும் புகழும் இல்லாத வேலை. பின்னாளில் சுருதிப்பெட்டி வந்து அவர் இடத்தை எடுத்துக்கொண்டது.

இனி வேற்றுமைக்கு வருவோம், அதுதான் முக்கியம். 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, மிகத் தாழ்ந்த ஒலியில் ஓடிய யாழ் இசைத்தட்டு ஒன்றை, எழுந்துபோய்க் கூட்டி வைக்க முடியாமல், வெளியே பெய்த மழையோடு சேர்த்தே கேட்டார். இசை அறையின் வெளிச்சத்தைப் போலவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். 1978இல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ வந்தது. உன்னிப்பாகவும் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம் என்பதே ஆம்பியன்ட் இசையின் கொள்கை. முன்னால் நின்ற இசையை ஈனோ பின்னால் கொண்டுபோனார்.

நாகஸ்வரத்தின் வரலாறு இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தது. அது ஏற்கெனவே பின்னால்தான் நின்றது. கல்யாணத்தில் கெட்டிமேளம், கோவிலில் புறப்பாடு, பந்தி நடக்கும்போது ஒரு சத்தம். மங்கலமான ஒலி என்று எல்லோரும் மதித்தார்கள், உட்கார்ந்து கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அருணாசலத்தின் குருவான திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதை முன்னால் கொண்டுவரப் போராடினார். கீச்சென்ற குட்டைத் திமிரியை விட்டுவிட்டு, நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தினார். நிதானமாக ராகம் விரிக்க அந்தத் தாழ்ந்த சுருதி தேவைப்பட்டது. வாய்ப்பாட்டுக்காரரைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன், சபை வாய்மூடிக் கேட்க வேண்டும் என்றார். அந்தப் பிடிவாதத்தின் பலனைத் தாமிரபரணிக் கரையில் அறுவடை செய்தவர் அருணாசலம்.

போஸ்ட் ராக் இந்த இரண்டு திசைகளுக்கும் நடுவில் நிற்கிறது. தொடங்கும்போது ஆம்பியன்ட் போலப் பின்னால் இருக்கும்; போகப் போக நகர்ந்து வந்து முகத்துக்கு நேரே நிற்கும். மோக்வாயின் பதினாறு நிமிட உருப்படி ஒன்று, ‘யங் டீம்’ (1997) தொகுப்பின் கடைசியில் வருவது, இதற்கு நல்ல சான்று. இந்த நகர்வைக் கேட்பவர் கூடவே நடந்தால்தான் பலன். நடுவில் ஒரு நிமிடத்தை வெட்டியெடுத்து மாதிரி காட்ட முடியாது. பரிந்துரைப்பவரின் திணறல் இங்கிருந்துதான் வருகிறது.

மெல்ல எழுந்து உச்சம் தொடுவது என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஆலாபனையைவிடக் கொடை என்னும் கோவில் திருவிழா நினைவுக்கு வரும். சுடலைமாடன் கோவில் கொடையில் கணியான் கூத்து நடக்கிறது. மகுடம் என்ற தோல்கருவி இரண்டு: ஒன்று உச்சம், ஒன்று மந்தம். சூடேற்றிச் சுருதி சேர்த்த தோல். முன்னால் நின்று கதை பாடும் புலவர், பெண் வேடமிட்டு ஆடும் இருவர். மின்னிசைக் கருவி ஏதுமில்லாத காலத்திலேயே இந்த இரண்டு தோல்களுக்கு நடுவே எழும் அதிர்வில் வயிறு கலங்கும். சாயங்காலம் கதை சாவகாசமாகத் தொடங்கும். நேரம் போகப் போக அடி நெருங்கும், கதையில் மாடன் பிறந்து வளர்ந்து சுடுகாட்டுக்குப் போவான். நள்ளிரவுச் சாமக்கொடைக்கு மகுடம் உச்சத்துக்கு ஏறும்போது சாமி வந்து இறங்கும். அதற்கு முன் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தவனுக்கும், சாமக்கொடை நேரம் பார்த்து பைக்கில் வந்து இறங்கியவனுக்கும் ஒரே சத்தம்தான் காதில் விழுகிறது. இருவரும் கேட்டது ஒன்றல்ல.

ஆனால் கணியான் கூத்தைப் போஸ்ட் ராக்கின் பாட்டன் என்று அழைப்பது அபத்தம். அது வழிபாடு. ஆடுபவருக்கும் அடிப்பவருக்கும் கேட்பவருக்கும் கடமை உண்டு. கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் சடங்குவரை அதில் அடக்கம். ஒரு சிறு சமூகம் தலைமுறையாகச் சுமந்துவரும் கலையை இசை ரசனைக்கான சரக்காக மாற்றுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையல்ல. நான் சொல்ல வருவது கேட்பவரின் பழக்கத்தைப் பற்றி மட்டும். உச்சத்துக்காக இரவு முழுக்க விழித்திருக்கத் தெரிந்த காதுகள் இந்த மண்ணில் இருந்தன, இருக்கின்றன.

அந்தக் காதுகளுக்குச் செய்தி எப்படி வந்தது? கோவில்பட்டிப் பக்கம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அருணாசலம் பின்னாளில் கோவில்பட்டியில் குடியேறினார். பக்கத்து இடைசெவலில் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்து வளர்ந்தார்கள். இருவருமே இசைப் பித்தர்கள். அந்த வட்டாரத்தில்தான் விளாத்திகுளம் சுவாமிகள் என்ற நல்லப்பசுவாமி வாழ்ந்தார். ராக ஆலாபனையிலேயே மூழ்கிக் கிடந்த மனிதர் அவர். தட்டு, சபா என்று எதற்குள்ளும் அகப்படாதவரை ஊர் ஊராக அறிமுகப்படுத்தியது கேட்டவர்களின் வாய்தான். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அவற்றில் கதையைப் பற்றிய பேச்சுக்குக் குறையாமல் இசையைப் பற்றிய பேச்சு நடக்கிறது. என் நோக்கில் அக்கடிதங்கள் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த இசைப் பரிந்துரைகளில் சேரும்.

அந்தக் காலத்துச் சிபாரிசில் மாதிரி காட்டும் வசதி இல்லை. கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். ராஜரத்தினம் பிள்ளையின் புகழ்பெற்ற தோடித் தட்டுகூடச் சில நிமிடங்களுக்குள் முடங்கியதுதான்; விடிய விடிய வாசிக்கிறவரின் தோடியை அது அடையாளம் மட்டுமே காட்டியது. ஆகவே சொல்கிறவர், எந்த ஊர்த் திருவிழா, எத்தனாம் நாள், எத்தனை மணிக்குப் போய் எந்தத் தெரு முக்கில் நிற்க வேண்டும் என்றுதான் சொன்னார். “பத்தாம் திருநாளுக்கு வாரும்” என்பதே பரிந்துரை. இசையோடு காலமும் இடமும் சேர்ந்தே கைமாறின.

பிறகு வந்தவை இந்த முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தன. 1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியபோது இடம் கழன்றது. காலம் கழலவில்லை, இரவுக் கச்சேரியை இரவில்தான் கேட்க முடியும். எண்பதுகளின் ரெக்கார்டிங் சென்டர்கள் காலத்தையும் கழற்றின. அறுபது நிமிடக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொண்டுபோய்க் கொடுத்தால் மறுவாரம் பதிந்து தருவார்கள். பட்டியல் முடிந்தும் நாடாவில் இடம் மிச்சமிருந்தால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு எதையாவது நிரப்புவார். பல சமயம் அது வாத்திய இசை. இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ (1986), ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ (1988) ஆகிய இரண்டும் சொல்லில்லாத இசைக்குத் தமிழ்நாட்டில் ஒரு வாசலைத் திறந்துவிட்ட தொகுப்புகள். கேசட்டின் மிச்ச இடத்தில் அவற்றின் துண்டு எத்தனை பேர் காதில் தற்செயலாக விழுந்திருக்கும்! கடைக்காரர் விமர்சகர் அல்ல, ஆனால் அவருக்கு முகம் இருந்தது. பிடிக்கவில்லை என்று போய்ச் சொல்ல முடிந்தது.

இன்றைய ஸ்ட்ரீமிங் செயலிக்கு முகமில்லை என்று புலம்புவது எளிது. அதன் கணக்கைப் பார்ப்பது பயனுள்ளது. ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்தது. அங்கே ஒரு உருப்படி முப்பது விநாடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. மூன்று நிமிடப் பாட்டுக்கும் இருபது நிமிட உருப்படிக்கும் ஒரே கணக்குதான். முப்பது விநாடிக்குள் கையைப் பிடித்து இழுக்காத இசையை ஆள் தாண்டிப் போய்விடுவார்; தாண்டிப் போனது ஒரு குறிப்பாகப் பதிவாகிறது. “இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்” என்ற ஒப்பீட்டில் இயங்கும் பரிந்துரைப் பொறிக்கு நிறையக் கேட்பவர்கள் வேண்டும். கேட்பவர் குறைந்த இசைக்கு அங்கே தடயமே இராது. 2024 முதல், ஆண்டுக்கு ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத உருப்படிக்கு அங்கே காசும் இல்லை. மெல்ல எழும் இசையைத் தண்டிக்க யாரும் சதி செய்யவில்லை; கணக்கு அப்படி விழுகிறது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய கேடு பிளேலிஸ்ட்டின் தலைப்பில் இருக்கிறது. படிக்கும்போது கேட்க, தூங்கும்போது கேட்க, மனசு லேசாக என்ற பெயர்களில் ஆம்பியன்ட் இசை அடுக்கப்படுகிறது. இப்படிப்பட்ட பட்டியல்களில், மலிவாக வாங்கிய இசை முகவரியற்ற பெயர்களில் நிரப்பப்படுவதை லிஸ் பெல்லி என்ற பத்திரிகையாளர் 2025இல் வெளியிட்ட ‘மூட் மெஷின்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ராஜரத்தினம் பிள்ளை முன்னால் கொண்டுவந்த இசையை மறுபடியும் பந்திக்குப் பின்னால் தள்ளும் வேலை இது. “தூங்க நல்லாருக்கும்” என்று சொல்லி ஒருவருக்குப் போஸ்ட் ராக்கை அனுப்புகிறவரும் இதே வேலையைத்தான் செய்கிறார்.

ரசிகர்களிடமும் குறை உண்டு. போஸ்ட் ராக் ஒரு சூத்திரமாகிக் கெட்டும் போயிருக்கிறது: மெல்லிய கிதார், கொஞ்சம் கொஞ்சமாக டிரம்ஸ், ஐந்தாவது நிமிடத்தில் இடி, பிறகு அமைதி. எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை இதை அழகாகச் செய்தது. அதைப் பார்த்துச் செய்த நூறு குழுக்களில் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. இந்த அலுப்புக்கு மருந்து ஆலாபனையில் இருக்கிறது. நாகஸ்வரம் ஆரம்பத்திலிருந்தே சத்தமான கருவி. ஒலியைக் கூட்டி உச்சம் காட்ட அதில் பெரிதாக வழியில்லை. அருணாசலம் சுரத்தை ஏற்றியும், ஏறாமல் நிறுத்திவைத்தும், எதிர்பார்த்த இடத்துக்குப் போகாமல் திரும்பியும்தான் கேட்பவரை இழுத்துப் பிடிக்கிறார். அகமதாபாத்தைச் சேர்ந்த அஸ்வீகீப்சர்ச்சிங் குழு ‘ஜியா’ (2017) தொகுப்பில் தபலாவையும் இந்துஸ்தானிச் சாயலையும் சேர்த்திருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. என்றாலும் இந்தியக் கருவியைச் சேர்ப்பதைவிட ஆலாபனையின் பொறுமையைக் கற்பது கடினமான வேலை, அதை இன்னும் ஆழமாகச் செய்யும் குழு வர வேண்டும். அது திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தால் எனக்கு ஆச்சரியமிராது.

அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு இந்த இசைக்குள் நுழைய விரும்புபவருக்கு என் யோசனை இது. மேற்கிலிருந்து தொடங்க வேண்டாம். அருணாசலத்தின் ஆலாபனைப் பதிவு ஒன்றை, அரை மணி நேரத்துக்குக் குறையாததாகத் தேடியெடுத்து, ராத்திரி ஊர் அடங்கியபின் மொட்டை மாடியில் கேளுங்கள். பழைய பதிவு, இரைச்சல் இருக்கும். பத்து நிமிடத்தில் காது அதைக் கழித்துக்கொள்ளும். அடுத்த நாள் அதே நேரத்துக்கு ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’. அது பிடிபட்டபின் சிகுர் ரோஸின் பெயரில்லாத தொகுப்பு. காட்ஸ்பீட் குழுவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குத் திடம் வேண்டும். எக்ஸ்ப்ளோஷன்ஸை முதலில் கொடுப்பதுதான் வழக்கம். எளிதில் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் தொடங்கியவர்கள் இடியை மட்டும் எதிர்பார்க்கப் பழகிவிடுகிறார்கள்.

உங்களுக்குப் பிடித்துப்போய் இன்னொருவருக்குச் சொல்லத் தோன்றினால், வாட்ஸ்அப்பில் வெறும் இணைப்பை அனுப்பாதீர்கள். எந்த நேரத்தில் கேட்க வேண்டும், எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், முதல் பத்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காது என்பதையெல்லாம் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் ஆளையே வீட்டுக்கு வரச்சொல்லி, கூட உட்கார்ந்து கேளுங்கள்.